பாலில்லா அடுக்களையும் பிள்ளை வளர்ப்பும்

நனிசைவம் என்பது இறைச்சி, மீன், முட்டை மட்டுமன்றிப் பால், தயிர், மோர், வெண்ணெய், நெய், தேன் ஆகியவற்றையும் விலக்கிய உணவுமுறை. ‘மிகுதி’ என்ற பொருளுடைய ‘நனி’ என்னும் பழஞ்சொல்லைச் சைவத்தின் முன் சேர்த்து ஆக்கிய பெயர் இது. பேச்சில் வீகன் என்ற சொல்லும் சம அளவில் புழங்குகிறது. தனியாக வாழும் ஒருவர் இம்முறைக்கு மாறினால் அதன் விளைவு அவரோடு முடிகிறது. குடும்பம் மாறும்போது கருவுற்ற பெண், பால்குடிக் குழந்தை, பள்ளிக்குப் போகும் பிள்ளை, தயிர் இல்லாமல் சாப்பாடு இறங்காத தாத்தா பாட்டி என எல்லாரும் அதே அடுப்பில் வெந்ததையே உண்கிறார்கள். அப்போது சமைப்பவரின் கையில் கொள்கையும் பிள்ளைகளின் வளர்ச்சியும் ஒருசேர வந்து சேர்கின்றன. இரண்டையும் காப்பாற்ற முடியுமா, முடியுமென்றால் எப்படி என்பதே இங்கே எடுத்துக்கொள்ளும் கேள்வி.

அமைப்பு என்ற அளவில் இதன் தொடக்கம் இங்கிலாந்தில். 1944 நவம்பரில் லெஸ்டர் நகரத்து மரவேலை ஆசிரியர் டொனால்ட் வாட்சனும் அவருடைய நண்பர்கள் சிலரும் வீகன் சொசைட்டியைத் தொடங்கினர். மரக்கறி உண்பவர்களைக் குறிக்கும் ‘வெஜிடேரியன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்துகளையும் கடைசி இரண்டையும் சேர்த்ததில் ‘வீகன்’ பிறந்தது. போர்க்காலம், ரேஷன் உணவு, கடையில் தாவரப் பால் கிடையாது. அதைவிடப் பெரிய குறை அன்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. வைட்டமின் பி12 பிரித்தெடுக்கப்பட்டது 1948இல்தான். அதாவது முதல் நனிசைவக் குடும்பங்கள், தங்கள் உணவில் இல்லாத ஒரு சத்தின் பெயரைக்கூட அறியாமல் பிள்ளைகளை வளர்த்தன. 1950களில் பிரிட்டனின் நனிசைவர்களை ஆராய்ந்த மருத்துவர்கள் சிலரிடம் பி12 குறைபாட்டின் அறிகுறிகளைக் கண்டு பதிவு செய்தனர். அந்த இயக்கம் அந்தப் பாடத்தை ஏற்றுக்கொண்டது. பி12 சேர்த்த உணவோ மாத்திரையோ கட்டாயம் என்று இன்று மிக உரக்கச் சொல்வோரில் வீகன் சொசைட்டியும் ஒன்று.

தமிழ்நாட்டில் புலால் மறுப்புக்கு நெடிய மரபு உண்டு. திருக்குறளின் 26ஆம் அதிகாரம் அதற்கென்றே அமைந்தது. வடலூரில் 1867இல் தருமசாலை தொடங்கிய வள்ளலார் சீவகாருண்யத்தை வழிபாட்டின் நடுவில் வைத்தார். ஆயினும் இந்த மரபு பாலை விலக்கியதில்லை. அபிடேகத்துக்குப் பால், பொங்கலுக்கு நெய், முருகனுக்குத் தேனும் தினைமாவும், விருந்தின் முடிவில் தயிர். ‘நாங்கள் சுத்த சைவம்’ என்று சொல்லும் வீட்டில் பால் இல்லாத நாளே இராது. ஆகவே நனிசைவத்துக்கு மாறும் தமிழ்க் குடும்பத்துக்கு இறைச்சியைவிடப் பால்தான் பெரிய கேள்வி. மாறுவோர் சொல்லும் காரணமும் பெரும்பாலும் பாலையே சுற்றியது: கறவை மாடு கன்று ஈன்றால்தான் பால் தரும், ஆண் கன்றுக்குப் பால் பண்ணையில் வேலை இல்லை, கறவை வற்றிய மாட்டுக்கு உரிய இடமும் இல்லை. இந்தியா உலகிலேயே அதிகமாகப் பால் உற்பத்தி செய்யும் நாடு. 2023-24இல் ஏறத்தாழ 24 கோடி டன். அந்த அளவே இந்தக் கேள்வியின் கனத்தையும் காட்டுகிறது.

இனி அடுக்களைக்கு வரலாம். தமிழ்ச் சமையலின் பெரும்பகுதி ஏற்கெனவே நனிசைவம் என்பது மாறிய பிறகே பலருக்குத் தெரிகிறது. இட்லி, இடியாப்பம், சாம்பார், ரசம், புளிக்குழம்பு, பொரியல், கூட்டு, துவையல், சுண்டல், அடை எதற்கும் பால் தேவையில்லை. கொங்கு நாட்டுக் கொள்ளுப் பருப்பும், கம்மங்கூழுக்குத் தொட்டுக்கொள்ளும் வெங்காயமும் வற்றலும் அப்படியே நிற்கும். கோவில்பட்டிக் கடலைமிட்டாய், எள்ளுருண்டை, கருப்பட்டி சேர்த்த கொழுக்கட்டை என இனிப்பிலும் குறைவில்லை. தேங்காய்ப்பால் ஊற்றிய பால் கொழுக்கட்டைக்குப் பெயரில்தான் பால். திருநெல்வேலியில் திருமணத்தை அடுத்த விருந்தின் சிறப்பான சொதி முழுக்கத் தேங்காய்ப்பாலில் நிற்பது. ஈழத்துச் சமையலில் சொதி அன்றாட உணவாகவே இருக்கிறது. கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பிக்கும் பால் கிடையாது.

சிக்கல் வருவது மூன்று இடங்களில்: தாளிப்பிலும் மேலூற்றலிலும் சேரும் நெய், சாப்பாட்டை முடித்து வைக்கும் தயிர், காலையில் ஃபில்டர் காப்பி. நெய்யை விடுவது எளிது. வெண்பொங்கலுக்கு நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ போட்டு, மிளகையும் முந்திரியையும் சற்றுக் கூட்டினால் பிள்ளைகள் வேறுபாடு கேட்பதில்லை. சர்க்கரைப் பொங்கலில் கெட்டித் தேங்காய்ப்பால் நெய்யின் வேலையைப் பாதிக்கு மேல் செய்துவிடும். காப்பி சற்றுப் பிடிவாதமானது. சோயாப் பால் சூடான, புளிப்புள்ள டிகாஷனில் திரிந்துவிடும். பாலைத் தனியே சூடாக்கி, டிகாஷனைச் சிறிது சிறிதாக அதில் ஊற்றினால் திரிவது குறையும். ஓட்ஸ் பால் அவ்வளவாகத் திரிவதில்லை.

தயிருக்கு மாற்றாக வீடுகளில் நிலைத்திருப்பது வேர்க்கடலைத் தயிர். ஒரு கோப்பை வேர்க்கடலையை இரவு ஊறவைத்து, தோல் நீக்கி, மூன்று கோப்பை நீர்விட்டு மையாக அரைத்து வடிகட்ட வேண்டும். அந்தக் கடலைப் பாலை அடிப்பிடிக்காமல் கிளறிக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, ஐந்தாறு பச்சை மிளகாய்க் காம்புகளைப் போட்டு மூடி வைத்தால் ஏழெட்டு மணி நேரத்தில் உறையும். காம்பில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்கள்தாம் உறை. முதல் முறை தளர்வாகவும் கடலை வாசத்துடனும் வரும். அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து மறுமுறை உறை ஊற்றும்போது கெட்டிப்படும், புளிப்பும் சீராகும். கடுகும் கறிவேப்பிலையும் இஞ்சியும் தாளித்துக் கொட்டிய தயிர்ச்சாதத்தில் கடலை வாசம் மறைந்துவிடுகிறது. வெறுந்தயிராகக் கொடுத்துவிட்டு ‘பிள்ளை சாப்பிட மாட்டேன் என்கிறது’ என்று கைவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

முட்டை சேராத கேக்குக்கு அண்மையில் கிடைத்த வழி ஒன்று சுவையானது. கொண்டைக்கடலை வேகவைத்த நீரை அடித்தால் முட்டை வெண்கருவைப்போல நுரைத்து நிற்கும் என்பதை 2014இல் பிரெஞ்சுப் பாடகர் ஜோயல் ரோசல் வெளியிட்டார். மறு ஆண்டு அமெரிக்கர் கூஸ் வோல்ட் அதை இன்னும் செம்மைப்படுத்தி அக்வாஃபாபா எனப் பெயரிட்டார். சுண்டலுக்கு வேகவைத்து வடித்த நீரைச் சற்றுச் சுண்டவைத்துக் குளிரவைத்தால் போதும். நவராத்திரி வீடுகளில் ஒன்பது நாளும் வீணாகும் பொருள் இது.

சுவைக்கு மாற்றுத் தேடுவதோடு வேலை முடிவதில்லை. நனிசைவச் சமையலில் அடிக்கடி நேரும் பிழை, பாலின் இடத்தில் வைக்கும் பொருள் பாலின் சத்தையும் தரும் என்று எண்ணுவது. தேங்காய்ப்பாலில் கொழுப்பு நிறைய உண்டு. புரதமும் கால்சியமும் சொற்பம். வீட்டில் அரைக்கும் பாதாம் பால் பெரும்பாலும் நீர். பால் செய்துவந்த வேலையை எந்த ஒரு பொருளும் தனியாகச் செய்யாது, பலவற்றுக்குப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும்.

புரதத்தில் தமிழ்க் குடும்பத்துக்கு அச்சம் வேண்டியதில்லை. அரிசியில் குறைவான லைசின் பருப்பில் உண்டு, பருப்பில் குறைவான மெத்தியோனைன் அரிசியில் உண்டு. இட்லி மாவும் பொங்கலும் பருப்புச் சோறும் இந்தச் சேர்க்கையின் மேல் நிற்பவை. வேர்க்கடலையில் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு புரதம். கவனிக்க வேண்டியது அளவை மட்டுமே: தெளிந்த ரசமும் காய்ப் பொரியலுமாக முடியும் சாப்பாட்டில் பருப்பு இல்லை.

கால்சியத்தில் கணக்குப் போட்டே ஆகவேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி 4 முதல் 6 வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 550 மில்லிகிராம் வேண்டும். கேழ்வரகில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 மில்லிகிராம் உள்ளது. 50 கிராம் மாவில் இரண்டு தோசை, 15 கிராம் தோல் நீக்காத எள்ளில் ஓர் உருண்டை, ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை எனச் சேர்த்தால் 400ஐத் தாண்டும். மீதியைக் கால்சியம் உப்பால் உறையவைத்த டோஃபுவோ, கால்சியம் சேர்த்த சோயாப் பாலோ ஈடுகட்டும். ஆனால் உணவில் உள்ளதெல்லாம் உடலில் சேர்வதில்லை. ஃபைட்டேட்டும் ஆக்சலேட்டும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டிக் காயவைத்து அரைக்கும் பழைய வழக்கம் இங்கே கைகொடுக்கிறது. முளைவிடும்போது ஃபைட்டேட் குறைகிறது. தோல் நீக்கிய வெள்ளை எள்ளில் கால்சியம் பெருமளவு போய்விடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இரும்புச்சத்துக்குக் கீரை, பயறு, கம்பு. சுண்டலில் எலுமிச்சை பிழிவதும், உணவோடு நெல்லிக்காய் வைப்பதும் இரும்பை உடலில் சேர்க்க உதவும். சாப்பிட்டவுடன் குடிக்கும் காப்பியும் தேநீரும் தடுக்கும். அயோடினுக்கு அயோடின் கலந்த உப்பே எளிய வழி. நனிசைவத்துக்கு மாறும் குடும்பங்களில் பல, அதே வேகத்தில் கல்லுப்புக்கும் இந்துப்புக்கும் மாறுகின்றன. பால் வழியாக வந்துகொண்டிருந்த அயோடினும் அப்போது நின்றுபோகிறது. வைட்டமின் டி வெயிலில் கிடைப்பது, ஆனால் கைக்குழந்தைக்குச் சொட்டு மருந்தாகத் தருவது எந்த உணவுமுறைக் குடும்பத்துக்கும் பொது. கடையில் விற்கும் டி3 பெரும்பாலும் ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து எடுப்பது. பாசிக்காளானிலிருந்து எடுத்ததும் கிடைக்கிறது. ஒமேகா-3 கொழுப்புக்கு ஆளி விதைப் பொடி, கருவுற்றிருக்கும் காலத்தில் தேவைப்பட்டால் கடற்பாசி எண்ணெய்.

பி12 இவற்றோடு வைத்து எண்ணத் தக்கதல்ல. அதை உண்டாக்கும் ஆற்றல் பாக்டீரியா போன்ற நுண்ணுயிர்களுக்கு மட்டுமே உண்டு; செடியும் செய்வதில்லை, விலங்கும் செய்வதில்லை. விலங்குகளின் உடலில் அது சேர்கிறது, செடிகளில் சேர்வதில்லை. புளித்த இட்லி மாவிலும் பழைய சோற்று நீராகாரத்திலும் பி12 போதிய அளவு இருப்பதாகப் பரவும் பேச்சை நம்பிப் பிள்ளை வளர்க்கக் கூடாது. ஸ்பைருலினாவில் இருப்பதில் பெரும்பகுதி உடலுக்குப் பயன்படாத போலி வடிவம். கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் பெரியவர்களுக்குக் குறைபாடு வெளிப்படச் சில ஆண்டுகள் ஆகும். அந்த இடைவெளிதான் ஏமாற்றுகிறது. கீரையும் பயறும் நிறைந்த உணவில் ஃபோலேட் மிகுதியாக இருப்பதால் இரத்தசோகை மறைந்து, நரம்புப் பாதிப்பு முன்னேறவும் கூடும்.

குழந்தைக்கு அந்தச் சேமிப்பு இல்லை. இதை உலகுக்கு எடுத்துக்காட்டிய முதன்மையான ஆய்வுகளில் ஒன்று தமிழ்நாட்டில் நடந்தது. 1962இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், பி12 குறைந்த தாய்மாரின் பாலை மட்டுமே குடித்து வளர்ந்த சில குழந்தைகளைப் பற்றி லான்செட் இதழில் எழுதினார்கள். சிரிப்பும் ஆர்வமும் அற்றுப்போதல், கற்ற தலை நிற்றலையும் உட்காருதலையும் இழத்தல், தோல் கறுத்தல், கைகால் நடுக்கம், இரத்தசோகை ஆகியவை அவர்கள் கண்ட அறிகுறிகள். பி12 கொடுத்ததும் குழந்தைகள் தேறினர். அந்தத் தாய்மார் கொள்கையால் பாலை விட்டவர்கள் அல்லர். ஆனாலும் நனிசைவம் மேற்கொண்டு கருவுறும் ஒவ்வொரு பெண்ணும், அவரைக் கவனிக்கும் ஒவ்வொரு மருத்துவரும் அறிந்திருக்க வேண்டிய ஆய்வு அது. பெரியவர்களுக்கு வீகன் சொசைட்டி கூறும் அளவு எளியது: பி12 சேர்த்த உணவுகளில் நாளுக்கு 3 மைக்ரோகிராமாவது, அல்லது நாளுக்கு 10 மைக்ரோகிராம் மாத்திரை, அல்லது வாரத்துக்கு 2,000 மைக்ரோகிராம். குழந்தைக்குரிய அளவைக் குழந்தைநல மருத்துவரே சொல்ல வேண்டும்.

வயதுவாரியாகப் பார்த்தால் கவனம் மிகுதியும் தேவைப்படுவது முதல் மூன்று ஆண்டுகளில். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பொதுப் பரிந்துரை. தாய்ப்பால் நனிசைவத்துக்கு எவ்வகையிலும் முரணல்ல. தாய்ப்பால் போதாத குழந்தைக்கு மருத்துவர் பரிந்துரைக்கும் சோயா அடிப்படையிலான குழந்தைப் பால்மாவு ஒன்றே மாற்று. அரிசிப் பால், பாதாம் பால், ஓட்ஸ் பால், தேங்காய்ப்பால் ஆகியவற்றைத் தாய்ப்பாலுக்கு ஈடாகக் கொடுத்து உயிரிழப்பு வரை போன நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. இதில் சமரசத்துக்கே இடமில்லை. ஆறு மாதத்துக்குப் பின் வேறொரு சிக்கல்: குழந்தையின் வயிறு சிறியது, நார்ச்சத்து மிக்க உணவு அதைச் சீக்கிரம் நிரப்பிவிடும், ஆற்றல் போதாது. அதனால் முளைகட்டிய கேழ்வரகைத் துணியில் வடித்துக் கூழாகக் காய்ச்சுவது, தோல் நீக்கிய பாசிப்பருப்பை மசித்து நல்லெண்ணெய் விடுவது, கடலையை மையாக அரைத்துக் கலப்பது ஆகியவை தேவை. முழுக் கடலையும் முந்திரியும் தொண்டையில் அடைக்கும். சிறு பிள்ளைக்கு ஆகாது. பூப்பெய்திய பெண்ணுக்குக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்து உளுந்தங்களி கிண்டும் தென்மாவட்ட வழக்கமோ மாற்றமே வேண்டாத நனிசைவம்.

இப்படி வளர்ந்த பிள்ளைகளின் உடல்நிலை பற்றிய சான்றுகள் ஒரே திசையில் இல்லை. அமெரிக்காவின் டென்னசியில் 1971இல் அமைந்த ‘தி ஃபார்ம்’ என்ற கூட்டுக் குடியிருப்பில் நூற்றுக்கணக்கான குழந்தைகள் சோயாவை முதன்மையாகக் கொண்ட உணவில், பி12 சேர்த்த சோயாப் பாலோடு வளர்ந்தனர். அங்கிருந்த 404 குழந்தைகளை அளந்து 1989இல் வெளியான ஆய்வு, சிறு வயதில் உயரம் சற்றுக் குறைந்திருந்தாலும் பத்து வயதில் வேறுபாடு ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை என்றது. 2019இல் ஜெர்மனியில் 1 முதல் 3 வயதுள்ள 430 குழந்தைகளை ஒப்பிட்டபோது சைவம், நனிசைவம், அசைவம் ஆகிய மூவகை உணவுக் குழந்தைகளின் வளர்ச்சியும் சராசரியில் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. 2021இல் போலந்தில் வெளியான ஆய்வு வேறு சொன்னது. 5 முதல் 10 வயதுள்ள நனிசைவப் பிள்ளைகள் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் குட்டையாகவும், எலும்பில் தாது குறைந்தும் இருந்தனர். அவர்களுடைய கொலஸ்டிரால் அளவோ மேம்பட்டிருந்தது. பி12 தனியே எடுத்துக்கொள்ளாதவர்களிடம் குறைபாடு தெரிந்தது. இவற்றைச் சேர்த்துப் படித்தால், உணவுமுறையின் பெயரைக் காட்டிலும் அதைத் திட்டமிடும் விதமே பிள்ளையின் வளர்ச்சியைத் தீர்மானிக்கிறது என்றும், எலும்பைப் பற்றிய கவலை கற்பனையல்ல என்றும் கொள்வதே நேர்மை.

வல்லுநர் அமைப்புகளும் பிரிந்தே நிற்கின்றன. அமெரிக்க ஊட்டச்சத்து மற்றும் உணவியல் அகாடமி 2016இல், நன்கு திட்டமிட்ட நனிசைவம் குழந்தைப் பருவம் உட்பட எல்லாப் பருவத்துக்கும் ஏற்றது என்றது. அதன் 2025ஆம் ஆண்டு அறிக்கையோ பெரியவர்களைப் பற்றி மட்டுமே பேசுகிறது. ஜெர்மன் ஊட்டச்சத்துக் கழகம் 2016இல் குழந்தைகளுக்கும் கருவுற்றோருக்கும் வேண்டாம் என்றது. 2024இல் சான்று போதாமையால் அவர்களுக்குப் பரிந்துரைக்கவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை என்று தளர்த்தியது. இத்தாலியில் 2016இல் பிள்ளைகளுக்கு நனிசைவம் ஊட்டும் பெற்றோரைச் சிறையிலடைக்கும் சட்ட முன்வடிவு ஒன்றே வந்தது. அது சட்டமாகவில்லை, ஆகாததும் நல்லது. தண்டனைக்கு அஞ்சும் பெற்றோர் மருத்துவரிடம் உண்மையை மறைப்பார்கள், குறைபாடு காலந்தாழ்ந்தே தெரியவரும்.

கடையில் பொருள் வாங்குவதும் ஒரு படிப்பு. இந்தியாவில் பச்சைப் புள்ளி என்பது சைவத்துக்குரியது. பாலும் நெய்யும் அதில் அடக்கம். பிஸ்கட், ரொட்டி, மசாலா சிப்ஸ் ஆகியவற்றில் பால்பவுடரும் பால் புரதமும் மறைந்திருக்கும். மருந்துக் குளிகைகளின் உறையில் ஜெலட்டின் இருக்கும். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2022இல் நனிசைவ உணவுகளுக்கென விதிமுறைகளை வெளியிட்டு, பச்சை நிறத்தில் தனி முத்திரையும் வகுத்தது. அந்த முத்திரை எங்கும் பரவும்வரை, உறையின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிப்பதைத் தவிர வழியில்லை.

வீட்டுக்குள் வரும் இடர் சத்தைப் பற்றியதைவிட உறவைப் பற்றியது. பேரப்பிள்ளைக்கு நெய்ச்சோறு பிசைந்து ஊட்டுவது பாட்டிக்கு உணவுக்கு மேலான ஒன்று. அதை மறுக்கும்போது தன் அன்பையே மறுப்பதாக அவர் உணர்கிறார். கோயிலில் நீட்டும் பிரசாதம், பிறந்தநாள் கேக், கல்யாணப் பந்தியில் பாயசம் எல்லாம் பிள்ளையை மற்றவர்களிடமிருந்து தனியே நிறுத்துகின்றன. பாட்டியிடமே கடலைத் தயிர் உறையூற்றும் பொறுப்பை ஒப்படைப்பது வாதத்தைவிடப் பயன்தரும். தயிரின் பதம் பாட்டிக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. பள்ளியில் தமிழ்நாட்டுப் பிள்ளைக்குத் துன்பம் குறைவு. சத்துணவில் முட்டை உண்ணாதவருக்கு வாழைப்பழம் தரும் வழக்கம் உண்டு. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தின் உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் பெரும்பாலும் ஒத்துவருபவை. பிள்ளை வளர்ந்து தானே தேர்ந்தெடுக்கும் வயதில் வெளியில் ஐஸ்கிரீம் உண்டால், அதைக் குற்றமாக்கி விசாரிப்பது உணவையே பகையாக்கும். கொள்கை பெற்றோருடையது, பிள்ளை அதைத் தனதாக்கிக்கொள்ளவும் கொள்ளாதிருக்கவும் உரிமை உடையது.

இந்தச் சமையலின் நூல்மரபே பெற்றோரின் அடுக்களையில் வளர்ந்தது. பம்பாயில் பிறந்த பார்சி ஒருவரின் மகனான ஜே தின்ஷா 1960இல் அமெரிக்க வீகன் சொசைட்டியைத் தொடங்கினார். அவர் மனைவி ஃப்ரேயா 1965இல் ‘தி வீகன் கிச்சன்’ என்ற சமையல் நூலைத் தந்தார். தி ஃபார்ம் குடியிருப்பினர் தங்கள் சோயாச் சமையலை 1975இல் நூலாக்கினர். தமிழிலும் இன்று பெற்றோர் பலர் பாலில்லாப் பாயசத்தையும் கடலைத் தயிரையும் எழுதி வைக்கின்றனர். அவர்களிடம் வைக்க வேண்டிய வேண்டுகோள் ஒன்று உண்டு. ஃபார்மின் 404 குழந்தைகளைப் பற்றி உலகம் அறிந்தது அவர்களை ஒருவர் அளந்து எழுதியதால்தான். சமையற்குறிப்பு எழுதும் அதே நோட்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிள்ளையின் உயரம், எடை, பி12 அளவு, கொடுத்த மருந்தின் அளவு ஆகியவற்றையும் எழுதி வைத்து, அடுத்த முறை குழந்தைநல மருத்துவரைப் பார்க்கும்போது அந்த நோட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.